குழாய்க்குள் மறைந்த புண்ணியம்

துவிச்சக்கர வண்டி வீரர் ஜீனோ பார்தாலியின் வாழ்வு



துவிச்சக்கர வண்டியொன்றின் ஆசனத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பழுது பார்ப்பவர் ஆணியைத் தளர்த்தி, ஆசனத்தைத் தாங்கும் கம்பியை மேலே உருவும்போது, அடியில் குழாய் வாய் திறந்து நிற்கும். காற்றைத் தவிர அதற்குள் ஒன்றும் இராது. வண்டி பாரமின்றி ஓட வேண்டும் என்பதற்காகவே அதை வெறுங்குழாயாகச் செய்கிறார்கள். ஆனால், இரண்டாம் உலக யுத்தத்தின் இருண்ட நாள்களில், இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற வீரர் ஒருவர் அந்த வெறுங்குழாய்க்குள் பிறருடைய உயிரைச் சுருட்டி வைத்துச் சுமந்தார் என்று அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் சாட்சி கூறியிருக்கிறார்கள். அவர் தமது வெற்றிகளைப் பற்றி ஊரெல்லாம் கேட்கப் பேசியவர். இதைப் பற்றி மட்டும் சாகும்வரை வாய் திறக்க மறுத்தவர். அவர் பெயர் ஜீனோ பார்தாலி.

தொழிலாளியின் மகன்

1914ஆம் ஆண்டு யூலை 18ஆம் திகதி, புளோரன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொன்தே ஆ ஏமா என்னும் சிற்றூரில் ஜீனோ பிறந்தார். தந்தை தொரெல்லோ நாட்கூலிக்கு உழைப்பவர். தாய் ஜூலியா. இரண்டு அக்காமாருக்குப் பின் ஜீனோ, அவருக்குப் பின் தம்பி ஜூலியோ. வீட்டில் பணம் இல்லாவிட்டாலும் பக்தி இருந்தது. சிறு வயதிலேயே ஜீனோ, பொதுநிலையினரை ஒன்று சேர்த்து நடத்திய கத்தோலிக்கச் செயற்பாட்டு இயக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

படிப்பில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஊரிலிருந்த துவிச்சக்கர வண்டிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, சில்லுகளை நேராக்கவும் சங்கிலிக்கு எண்ணெய் இடவும் கற்றுக்கொண்டார். அந்தக் கடைக்காரர் வண்டி ஓட்டத்தில் ஆர்வமுள்ளவர். மேடுகளில் மற்றவர்கள் மூச்சு வாங்க, இந்தப் பையன் மாத்திரம் களைப்பின்றி ஏறுவதை அவர் கண்டார். மகனைப் பந்தயத்துக்கு அனுப்பத் தந்தைக்கு மனமில்லை. பலமுறை எடுத்துச் சொல்லியே சம்மதம் பெற வேண்டியிருந்தது. 1935இல் ஜீனோ இதையே தொழிலாகக் கொண்ட ஓட்டவீரரானார்.

அன்றைய ஓட்டம் எத்தகையது என்பதை நீங்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜிரோ டி இத்தாலியா என்பது இத்தாலியைச் சுற்றும் ஓட்டம். ரூர் டி பிரான்ஸ் என்பது பிரான்சைச் சுற்றும் ஓட்டம். இரண்டும் வாரக்கணக்கில் நடப்பவை. நாளொன்றுக்கு நூறு மைலுக்கு மேலும் ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே முதல்வர். பிரான்சு ஓட்டத்தில் அவருக்கு மஞ்சள் சட்டை அணிவிப்பார்கள். தார் காணாத மலைப்பாதைகளில், மழையிலும் பனியிலும், மாற்று ரயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கால வீரர்கள் ஓடினார்கள். தட்டையான வெளியில் வேகமாக ஓடப் பலர் உண்டு. மலையில்தான் ஆள் யாரென்று தெரியும். பார்தாலி மலைக்கென்றே பிறந்தவர்.

தம்பியின் மரணம்

1936ஆம் ஆண்டு யூன் முதல் வாரத்தில், 21 வயதில், பார்தாலி இத்தாலிய ஓட்டத்தின் முதல்வரானார். வீட்டில் மகிழ்ச்சி ஒரு வாரமே நிலைத்தது. அண்ணன் வழியில் ஓட வந்த தம்பி ஜூலியோ, பந்தயமொன்றில் மோட்டார் வாகனத்துடன் மோதி, யூன் 14ஆம் திகதி உயிரிழந்தார்.

தம்பியை இந்தத் துறைக்கு இழுத்து வந்தது தமது வெற்றிதானே என்ற எண்ணம் பார்தாலியை வாட்டியது. இனி வண்டியைத் தொடுவதில்லை என்று வீட்டில் அடைந்துகொண்டார். நாள்கள் சென்றபின்பே மீண்டும் மிதிக்கத் தொடங்கினார். திரும்பி வந்தவர் பழைய ஜீனோ அல்லர். அவர் கார்மேல் மூன்றாம் சபையில் உறுப்பினராகி, குழந்தை யேசுவின் தெரேசம்மாளைத் தம் பாதுகாவலியாகக் கொண்டார். சபையில் அவர் ஏற்ற பெயர் தர்சீசியுஸ். தேவநற்கருணையை நெஞ்சோடு மறைத்துக் கொண்டு சென்று, அதைக் காட்டிக் கொடாமலே உயிர்விட்ட சிறுவனின் பெயர் அது என்பதைப் பீடப்பணியாளர்களான உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அந்தப் பெயரை ஏற்ற வேளையில், தாமும் ஒருநாள் மறைவான சுமையைக் கொண்டு செல்ல நேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

1937இல் இத்தாலிய ஓட்டத்தில் மீண்டும் முதலிடம். அதே ஆண்டு பிரான்சு ஓட்டத்தில் மஞ்சள் சட்டையோடு ஓடும்போது, மரப்பாலமொன்றில் இடறி, கீழே குளிர்ந்த ஓடையில் வீழ்ந்தார். காயத்தோடு சில நாள் ஓடியும் முடியாமல் நாடு திரும்பினார். 1938இல் மறுபடி சென்று வென்றார்.

அப்போது இத்தாலியை ஆண்டவர் முசோலினி. வீரர்களின் வெற்றியெல்லாம் தமது ஆட்சியின் வெற்றி என்று காட்டிக்கொள்ள அவரது பாசிசக் கட்சி விரும்பியது. வென்றவர்கள் தலைவருக்கு நன்றி சொல்வது வழக்கமாயிற்று. பார்தாலி அந்த நன்றியைச் சொல்லவில்லை. பாரிஸ் நகரில் வெற்றி மாதாவின் ஆலயத்துக்குச் சென்று, தமக்குக் கிடைத்த மலர்க்கொத்தை அன்னையின் பாதத்தில் வைத்தார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் யூதருக்கு எதிரான இனச் சட்டங்கள் இத்தாலியில் பிறந்தன. யூதப் பிள்ளைகள் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டனர். இனி வரப்போகும் இருளுக்கு அது முன்னறிவித்தலாக இருந்தது.

யுத்தம் வந்தது

1940ஆம் ஆண்டு இத்தாலிய ஓட்டத்தில் பார்தாலியே குழுவின் தலைவர். இரண்டாம் நாள் வீதியில் நாயொன்று குறுக்கே பாய, அவர் விழுந்து காயமடைந்தார். அவருக்குத் துணையாக ஓட வந்திருந்த 20 வயது இளைஞர் பவுஸ்தோ கொப்பி அந்த ஓட்டத்தை வென்றார். யூன் 9ஆம் திகதி ஓட்டம் முடிந்தது. மறுநாள் இத்தாலி யுத்தத்தில் குதித்தது.

அந்த ஆண்டு நவம்பரில் பார்தாலி, அதிரியானா பானி என்ற நங்கையை மணந்தார். திருமணத்தை நடத்தி வைத்தவர் புளோரன்ஸ் பேராயர் கருதினால் எலியா டல்லா கொஸ்தா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1943 செப்டெம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்ததும், ஜேர்மன் படைகள் நாட்டின் வட பகுதியையும் நடுப்பகுதியையும் பிடித்துக்கொண்டன. யூதரைத் தேடிப் பிடித்து மரண முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கினர். புளோரன்சில் யூத சமயத் தலைவர் நாத்தான் கசூத்தோவும் மற்றோரும் உதவி கேட்டபோது, கருதினால் டல்லா கொஸ்தா மடங்களின் கதவுகளைத் திறக்கச் செய்தார். அசிசி நகரில் ஆயர் நிக்கொலினியும், சான் தமியானோ மடத்துத் தலைவர் ரூபினோ நிக்காச்சி அடிகளாரும் அவ்வாறே செய்தனர்.

ஒளித்து வைத்தால் மட்டும் போதாது. வீதியில் நடக்கவும் பங்கீட்டு உணவு பெறவும் அடையாளப் பத்திரம் வேண்டும். யூதப் பெயருள்ள பத்திரம் மரணச் சீட்டுக்குச் சமம். எனவே அசிசியில் லூயிஜி பிரீசி என்ற அச்சகத்தாரும் அவர் மகன் திரேந்தோவும் இரகசியமாகப் போலிப் பத்திரங்களை அச்சிட்டனர். அகப்பட்டால் அவர்கள் கதி என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

புளோரன்சிலிருந்து அசிசி நூறு மைலுக்கு அப்பால். வழியெங்கும் காவல் அரண்கள். புகைப்படங்களை அங்கே கொண்டுபோகவும் முடிந்த பத்திரங்களை இங்கே கொண்டுவரவும் ஓர் ஆள் வேண்டும். தூரத்துக்கு அஞ்சாதவராகவும் சந்தேகத்துக்கு இடமற்றவராகவும் அவர் இருக்க வேண்டும். கருதினால் பார்தாலியை அழைத்தார் என்பது சாட்சிகள் தரும் செய்தி. வெற்றி வீரர் ஒருவர் தம் பெயர் பொறித்த சட்டையோடு நெடுந்தூரம் பயிற்சி ஓட்டம் போவதில் எவருக்கு ஐயம் வரும்? ஆசனக் கம்பியின் கீழும், கைப்பிடியின் குழாயிலும் சுருட்டிய காகிதங்கள் இருந்தன. காவலர் நிறுத்தினால், வண்டியின் பாகங்கள் மிக நுணுக்கமாகப் பொருத்தப்பட்டவை, தொட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்வாராம். பலர் அவரோடு கைகுலுக்கி வழியனுப்பினார்களாம்.

இதற்கும் மேலான ஆபத்தை அவர் வீட்டுக்கு அருகிலேயே ஏற்றார். கோல்டன்பேர்க் என்ற யூதக் குடும்பத்தைப் பார்தாலி முன்னரே அறிந்திருந்தார். புளோரன்சில் தமக்குரிய கட்டடத்தின் நிலவறையில் அவர்களை ஒளித்து வைத்து உணவு கொடுத்தார். அக்குடும்பத்தின் மகன் முதுமைக் காலத்தில் இதைச் சாட்சியாகக் கூறினார். வாசகர்களே, பார்தாலிக்கு அப்போது மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர் என்பதை மறவாதீர்கள். பத்திரம் கொண்டுபோனவர் பிடிபட்டால் ஒருவர் சாவார். யூதரை ஒளித்த வீடு பிடிபட்டால் வீடே அழியும்.

1944இல் அவரும் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். புளோரன்சில் மாரியோ கரித்தா என்பவனின் பாசிசக் கும்பல் மனிதரைச் சித்திரவதை செய்த வீட்டுக்கு மக்கள் துயர மாளிகை என்று பெயரிட்டிருந்தனர். அந்த வீட்டின் வாசலைத் தாண்டி உயிரோடு வெளியே வந்தவர்களில் பார்தாலியும் ஒருவர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் புளோரன்ஸ் விடுதலை பெற்றது.

பத்து ஆண்டுகளுக்குப் பின்

ஓட்டவீரனுக்கு இருபத்தைந்து வயது முதல் முப்பது வயதுவரை பொற்காலம். பார்தாலியின் பொற்காலத்தை யுத்தம் விழுங்கிவிட்டது. யுத்தம் முடிந்தபோது அவர் முதியவர் என்றே பலர் கருதினர். ஆனால் 1946இல் கொப்பியை வெறும் 47 விநாடிகளால் முந்தி, மூன்றாம் முறையாக இத்தாலிய ஓட்டத்தை வென்றார்.

1948 யூலையில், 34 வயதை எட்டும் நிலையில், மீண்டும் பிரான்சுக்குச் சென்றார். லூர்து நகரில் முடிந்த நாளோட்டத்தில் அவரே முதல்வர். அதன் பின்னர் நிலைமை மோசமாயிற்று. யூலை 14ஆம் திகதி கான் நகரில் வீரர்கள் ஓய்வெடுத்தபோது, இளம் பிரெஞ்சு வீரர் லூயிசோன் பொபேக்குப் பின்னால் பார்தாலி 21 நிமிடங்களுக்கு மேல் தங்கியிருந்தார். இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் வீடு திரும்ப ஆயத்தமாயினர்.

அதே நாள் உரோமை நகரில், பாராளுமன்றத்தின் வாசலில், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தொல்யாத்தி துப்பாக்கியால் சுடப்பட்டார். ஏப்ரல் மாதத் தேர்தலின் கசப்பு ஆறாத காலம் அது. நாடெங்கும் வேலைநிறுத்தம். தொழிற்சாலைகள் கைப்பற்றப்பட்டன. தெருக்களில் பலர் உயிரிழந்தனர். உள்நாட்டு யுத்தம் வந்துவிடுமோ என்று குடும்பங்கள் நடுங்கின. அன்றிரவு பிரதமர் டி காஸ்பெரி பார்தாலிக்குத் தொலைபேசியில் பேசி, வெல்ல முடியுமா என்று கேட்டார். கத்தோலிக்க இயக்கத்தின் வழியே இருவரும் முன்னரே அறிமுகமானவர்கள்.

மறுநாள் பாதை அல்ப்ஸ் மலைகளில் ஏறியது. மழையும் குளிரும். 2360 மீற்றர் உயரமான இசுவார் கணவாயைப் பார்தாலி தனியே கடந்தார். பிரியான்சோன் நகரை அவர் அடைந்து பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் சென்ற பின்னரே பொபே வந்து சேர்ந்தார். மறுநாளும் பார்தாலியே முதல்வர்; மஞ்சள் சட்டை அவருக்கானது. தமது 34ஆவது பிறந்தநாளன்று மூன்றாவது மலை ஓட்டத்தையும் வென்றார். பாரிசை அடைந்தபோது இரண்டாமவரைவிட 26 நிமிடங்கள் முன்னால் இருந்தார். முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் இடையே பத்து ஆண்டுகள். பிரான்சு ஓட்டத்தில் இவ்வளவு இடைவெளியில் வென்றவர் வேறு எவரும் இல்லை.

ஒரு வண்டி ஓட்டம் நாட்டைக் காப்பாற்றியது என்று சொல்வது மிகை. சத்திரசிகிச்சையின் பின் தொல்யாத்தியே தம் ஆதரவாளரை அமைதி காக்கச் சொன்னார். ஆயினும், துப்பாக்கிச் செய்திக்காக வானொலியைச் சூழ்ந்து நின்றவர்கள் அதே வானொலியில் பார்தாலியின் வெற்றியைக் கேட்டு ஒன்றாய் ஆரவாரித்தார்கள் என்பது உண்மை.

இரு வீரர்களும் ஒரு போத்தலும்

பார்தாலியைக் குறையற்ற புனிதராக எண்ண வேண்டாம். அவர் புகை பிடித்தார். எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார். தோல்வியை எளிதில் பொறுக்கமாட்டார். 1948 உலகச் சாம்பியன் பட்ட ஓட்டத்தில் அவரும் கொப்பியும் ஒருவரையொருவர் காவல் காத்தபடியே பின்தங்கி, இருவரும் ஓட்டத்தைக் கைவிட்டு, நாட்டின் சங்கத்தால் தண்டிக்கப்பட்டனர். ஒருமுறை கொப்பி குடித்து எறிந்த போத்தலைத் தேடியெடுத்து, அதில் என்ன மருந்து இருக்கிறதென்று பரிசோதிக்கவும் செய்தார். சாதாரண சத்து மருந்துதான் இருந்தது. இந்த அற்பத்தனத்தைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார்.

இத்தாலி இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பாதி பார்தாலி, மறு பாதி கொப்பி. ஆனால் 1949இல் பிரியான்சோன் மலையில், பார்தாலியின் பிறந்தநாளன்று, கொப்பி அவரோடு சேர்ந்து ஓடி முதலிடத்தை அவருக்கே விட்டார். மறுநாள் பார்தாலி விழுந்து பின்தங்க, கொப்பி முன்சென்று அந்த ஆண்டின் பட்டத்தை வென்றார். பார்தாலிக்கு இரண்டாமிடம். 1951இல் கொப்பியின் தம்பி செர்சேயும் ஓட்டத்தில் விழுந்து இறந்தார். தம்பியை வீதிக்குப் பறிகொடுத்த வேதனை இப்போது இருவருக்கும் பொதுவாயிற்று.

1952இல் பிரான்சின் மலைப்பாதையில் எடுத்த படமொன்றை இத்தாலியர் மறப்பதில்லை. முன்னும் பின்னுமாக ஏறும் இரு வீரர்களின் கைகளுக்கிடையே ஒரு தண்ணீர்ப் போத்தல். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற விவாதம் ஓயவே இல்லை. எதிரியின் போத்தலில் ஒருகாலம் நஞ்சு தேடிய கையும் அதில் ஒன்று என்பதை நினைத்துக்கொண்டால், விவாதம் தேவையற்றதாகிவிடும். 1960 ஜனவரி 2ஆம் திகதி, ஆபிரிக்காவில் தொற்றிய மலேரியாக் காய்ச்சலால், 40 வயதில் கொப்பி காலமானார். பார்தாலி தம் போட்டியாளரைவிட நாற்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்.

மௌனம்

1954இல் பார்தாலி ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இத்தாலிய ஓட்டம் மூன்று முறை, பிரான்சு ஓட்டம் இரண்டு முறை, மிலானோ - சான் ரெமோ ஓட்டம் நான்கு முறை, லொம்பார்தியா ஓட்டம் மூன்று முறை அவருக்குக் கிடைத்தன. இந்தக் கணக்கைச் சொல்ல அவர் ஒருபோதும் தயங்கியதில்லை. ஆனால் யுத்த நாள்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். 1978இல் அசிசியின் இரகசிய உதவிகளைப் பற்றிய நூல் வெளியாகி, அதில் அவர் பெயரும் வந்தது. அதைக் கொண்டு அவர் புகழ் தேடவில்லை. மூத்த மகன் அந்திரேயாவிடம் சிலவற்றைச் சொன்னபோதும், வெளியே பேசாதே என்று கட்டளையிட்டார். நன்மையைச் செய்வதோடு வேலை முடிந்தது, பறைசாற்றினால் அதன் மதிப்புப் போய்விடும் என்பது அவர் எண்ணம். தம்மைவிட அதிகம் துன்புற்றவர்கள், உயிரையே கொடுத்தவர்கள் இருக்க, தாம் பேசுவது தகாது என்றும் கருதினார்.

2000ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி, புளோரன்சில், 85ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன் பின்னரே சாட்சிகள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். 2005இல் இத்தாலிய அரசு அவர் நினைவுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2013இல் ஜெருசலேம் நகரின் யாத் வஷேம் நிலையம், யூதரைக் காத்த பிற இனத்தாரான நீதிமான்களின் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. 2018இல் இத்தாலிய ஓட்டம் ஜெருசலேமில் தொடங்கியபோது அவரை நினைவுகூர்ந்தனர்.

அசிசிக்குப் பத்திரம் கொண்டு சென்றதற்குப் போதிய எழுத்துச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் அண்மைய ஆண்டுகளில் கேள்வி எழுப்பியுள்ளனர். அக்கேள்வி நியாயமானதே. வரலாறு சான்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிடிபட்டால் மரணம் என்ற வேலையைச் செய்பவர் பற்றுச்சீட்டு எழுதி வைப்பதில்லை. செய்தவரும் பேச மறுத்தால், எஞ்சுவது காப்பாற்றப்பட்டவர்களின் நினைவு ஒன்றே. நிலவறையிலிருந்து உயிரோடு வெளியே வந்த சிறுவன் முதியவனாகிச் சொன்ன சொல் அத்தகையது.

வாசகர்களே, நாம் ஆலயத்துக்குக் கொடுத்த விளக்கின் அடியில் நம் பெயரைப் பொறிக்கிறோம். அயலவருக்குச் செய்த சிறு உதவியையும் பத்துப் பேருக்குச் சொல்லிவிடுகிறோம். பார்தாலியும் புகழை விரும்பாதவர் அல்லர். கைதட்டலுக்காக மலையேறியவர்தான். ஆயினும் தம் வாழ்வில் ஒரு பகுதியை மட்டும் கைதட்டலுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை துவிச்சக்கர வண்டியின் ஆசனத்தை உயர்த்தும்போது, அந்த வெறுங்குழாயை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்த மனிதரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். நமக்குள்ளும் எவரும் பாராத, நாமே திறந்து காட்டாத ஓரிடம் இருக்கிறதா, அதற்குள் பிறருக்காக எதையேனும் சுமக்கிறோமா என்று நம்மையும் கேட்டுக்கொள்வோம்.